ஸ்க்ரப் டைபஸ் வந்த ஊரில் புகை அடித்தால் போதுமா? எங்கே, எந்த வரிசையில் வேலை செய்வது?

மலையடிவாரம் எழுதியது:

திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு ஊராட்சி. வடகிழக்குப் பருவமழை விட்டதிலிருந்து காய்ச்சல் கூடிக்கொண்டே போகிறது. சிலருக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. அவர்கள் ஒரே தெருக்காரர்கள் இல்லை. ஏரிக்கரையை ஒட்டிய சீமைக்கருவேலங் காட்டில் விறகு பொறுக்குகிறவர்கள், அங்கே ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலையில் வரத்துக்கால்வாய் சுத்தம் செய்த பெண்கள் என்று பார்த்தால் ஏதோ ஒரு வகையில் அந்தப் பக்கம் போய் வந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

டெங்குவுக்கு வைத்திருக்கும் புகை எந்திரத்தை எடுத்து ஊர் முழுக்க அடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தெருநாய்களுக்கு உண்ணி மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று சிலர். புதரைக் கொளுத்து என்கிறார்கள், எலிக்கு மருந்து வை என்கிறார்கள். கையில் இருக்கும் பணம் குறைவு, ஆள் ஐந்தாறு பேர். இதில் எது பலன் தரும், எது வீண், முதலில் எதைத் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பூச்சியியல் பதில்:

புகை எந்திரத்தை உள்ளே வையுங்கள். அது பறக்கும் கொசுவுக்கான கருவி. காற்றில் மிதக்கும் துளி கொசுவின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். நீங்கள் தேட வேண்டியது மண்ணிலும் சருகிலும், புல்லின் அடிப்பாகத்திலும் கிடந்து, கடித்து இந்தக் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் குஞ்சு. அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர், ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம், ஆறு கால். வளர்ந்ததற்கு எட்டுக் கால் உண்டு, ஆனால் அது மனிதனைக் கடிக்காது. மண்ணுக்குள் இருந்து மற்ற பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் அது ஒரு விலங்கின் மேலோ மனிதன் மேலோ ஏறும். நம் பக்கம் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ் என்ற இனம்.

நாய் உண்ணி இந்த நோயைப் பரப்பாது. அது வேறொரு காய்ச்சலை, புள்ளிக்காய்ச்சல் வகையைப் பரப்பும். அதனால் நாய்க்கு மருந்து போடுவது தவறில்லை, ஆனால் இப்போதைய சிக்கலுக்கு அது விடை இல்லை.

அடுத்தது எலி. பலரும் இங்கேதான் கணக்குத் தப்புகிறார்கள். நோய்க்கிருமியான ஓரியன்ஷியா சுட்சுகமுஷி தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. அதாவது கிருமியின் நிரந்தர வீடு சிற்றுண்ணிதான். எலியும் மூஞ்சூறும் குஞ்சுக்குத் தீனி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகும் வண்டி. பொறியில் விழுந்த எலியின் காதுமடலுக்குள் பாருங்கள், ஆரஞ்சுப் பொடி அப்பியது போல் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். எலியை மட்டும் ஒரே நாளில் கொன்றால் மண்ணில் பசியோடு காத்திருக்கும் குஞ்சுக்கு அடுத்துக் கிடைப்பது மனிதன்தான். ஆகவே முதலில் சிற்றுண்ணி, பிறகு எலி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. சிற்றுண்ணி ஊர் முழுக்கப் பரவி இருக்காது. ஈரமும் நிழலும் எலி நடமாட்டமும் சேரும் இடத்தில் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு புதரடியில் நிறைய, பத்தடி தள்ளி ஒன்றுமே இல்லை என்பது சகஜம். குஞ்சு தானாகச் சில மீட்டருக்கு மேல் போகாது. எனவே முதல் வேலை திட்டைக் கண்டுபிடிப்பது.

நோய் வந்தவர்களிடம் காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்டு, அதிலிருந்து 6 முதல் 21 நாள் பின்னோக்கிப் போங்கள். அந்த இடைவெளியில் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே படுத்தார்கள், துணியை எங்கே காயப்போட்டார்கள், காலைக்கடனுக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று கேளுங்கள். "வேலைக்கு எங்கே போனீர்கள்" என்று மட்டும் கேட்டால் பாதி விவரம் வராது. பதில்களை ஊர் வரைபடத்தில் குறித்தால் இரண்டு மூன்று இடங்களில் குவியும்.

பிறகு அந்த இடங்களில் கருப்பட்டைச் சோதனை. பளபளப்பு இல்லாத கருப்பு அட்டை, ஓரடிக்கு ஓரடி. புல்லடியில் தரையோடு தரையாக வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். குனிந்து அட்டைக்கு அருகில் மூச்சு விட்டால் குஞ்சு சீக்கிரம் ஏறும், மூச்சுக்காற்று அதற்கு இரை வந்ததன் அடையாளம். ஆரஞ்சுப் புள்ளிகள் விளிம்பை நோக்கி ஊர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் கால்களை எண்ணிவிடலாம். காலையில் பனி காய்ந்ததும் அல்லது சாயங்காலம் வையுங்கள். உச்சி வெயிலில் அவை மண்ணுக்குள் போய்விடும். ஒன்றும் ஏறவில்லை என்பதால் அந்த இடம் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே புதரைச் சுற்றி நான்கைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். வைக்கப் போகிறவர் கம்பூட்ஸ் போட்டு, பேண்ட்டை உள்ளே செருகிக்கொண்டுதான் போக வேண்டும்.

எலிப்பொறி வைக்க வசதி இருந்தால் சுகாதார மாவட்டத்தின் பூச்சியியல் பிரிவைக் கூப்பிடுங்கள். பிடித்த எலிகளைச் சீவி, ஓர் எலிக்குச் சராசரி எத்தனை குஞ்சு என்று எண்ணுவார்கள். சராசரி 0.69-ஐத் தாண்டினால் அங்கே மனிதருக்குப் பரவும் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

---

பணிமருத்துவர் பதில்:

பூச்சியியல் சார் மண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உயிர் போவது இங்கே கோட்டை விடுவதால்தான்.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று வருகிறவரை உடை விலக்கி முழுதாகப் பாருங்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் வட்டமான கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. கேட்டால் "புண் எதுவும் இல்லை" என்றுதான் சொல்வார். அக்குள், தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடுப்பு, மார்பகத்தின் அடிமடிப்பு, காதின் பின்புறம், முழங்காலின் பின்பக்கம், பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி. ஈரமான மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து வெறும் வெளிர்ப்புண்ணாக இருக்கும், அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். பெண் நோயாளிகளைப் பார்க்கப் பெண் செவிலியர் இல்லாத இடத்தில் இந்தப் பரிசோதனை நடப்பதே இல்லை. முகாம் போட்டால் திரை போட்ட ஒரு மூலையும் ஒரு செவிலியரும் கட்டாயம் வேண்டும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது, இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

டெங்குவோடு குழப்பம் வரும். இரண்டிலும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறையும். டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் குறைந்திருக்கும். ஸ்க்ரப் டைபஸில் இயல்பாகவோ கூடியோ இருப்பது அதிகம். டெங்குக் காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், இது இறங்காமல் நீளும். தட்டணுவை மட்டும் தினமும் எண்ணிக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் பெரிய தவறு.

பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 7 நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். குழந்தைகளுக்கு எடை பார்த்து மருத்துவர் கணக்கிடுவார். டாக்ஸியை ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் புண் வரும். பாலோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும், வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது.

கடையில் வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் எதுவும் இந்தக் கிருமியைத் தொடாது. கிருமி நம் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, அந்த மருந்துகள் உடைக்கும் வகையான செல்சுவர் அதற்கு இல்லை. சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். மூன்று நாளாகியும் இறங்கவில்லை என்றால் நோய் வேறாக இருக்கலாம், திரும்பப் பார்க்க வேண்டும்.

மூச்சு வாங்குவது, மயக்கம், உளறல், சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தீவிர நோயில் டாக்ஸியையும் அசித்ரோமைசினையும் ரத்தக்குழாய் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதை விட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியிருக்கிறது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது.

---

ஆய்வகம் பதில்:

பரிசோதனை பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா சோதனை, காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளில் நெகட்டிவ் காட்டலாம், எதிர்ப்பொருள் உருவாகவே அத்தனை நாள் ஆகும். அந்தக் காகிதத்தை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மறுபக்கம், ஐஜிஎம் பல மாதம் ரத்தத்தில் தங்கும். நோய் அதிகமுள்ள ஊரில் போன வருடத் தொற்று இந்த வருடக் காய்ச்சலுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும், ஆகவே நோயாளியின் அறிகுறியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பழைய வெயில் ஃபெலிக்ஸ் சோதனை மட்டும் செய்கிற இடங்களில், நோய் இருந்தும் நெகட்டிவ் வருவது அதிகம். பொருக்கு இருந்தால் அதை இடுக்கியால் எடுத்து உலர்ந்த சுத்தமான குப்பியில் போட்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். முதல் வாரத்தில் ரத்தத்தை விட அதில் கிருமி பிடிபடுவது எளிது. ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

---

மலையடிவாரம் எழுதியது:

மிக்க நன்றி. கேட்டுப் பார்த்ததில் ஏரியின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) பக்கம், ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் கோரைப்புல் திட்டு, இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. துணியைப் புதர் மேல் காயப்போடும் பழக்கமும் அங்கேதான்.

புதரை எரிக்கலாமா, வெட்டலாமா? எந்த மருந்தைத் தரையில் தெளிப்பது? எலிக்கு என்ன அளவு? நூறு நாள் வேலைப் பெண்களிடம் "பேண்ட் போடுங்கள், சாக்ஸ் போடுங்கள்" என்றால் நடக்காது. அவர்களுக்கு என்ன சொல்வது?

---

பூச்சியியல் பதில்:

எரிக்க வேண்டாம். தீ மேலே ஓடும், முட்டையும் வளர்ந்த சிற்றுண்ணியும் மண்ணுக்குள் பிழைத்துக்கொள்ளும். எரித்த இடத்தில் புதுப்புல் துளிர்த்ததும் எலி திரும்ப வரும். இப்படி அழித்த பிறகு மறுபடி முளைக்கும் புதர்தான் இந்த நோய்க்கு மிகவும் பிடித்த இடம்.

வெட்டுங்கள். நடைபாதையின் இருபுறமும் இரண்டு மூன்று மீட்டர், வீட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் போதும். புல் கணுக்காலுக்குக் கீழே இருக்கும்படி, வெயில் மண்ணில் விழும்படி. மண் காய்ந்தால் குஞ்சு தங்காது. வெட்டியதை அங்கேயே குவித்துவிட்டு வந்தால் அது எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு, அன்றைக்கே அகற்றுங்கள். கவனம், அதிகம் கடிபடுவது வெட்டுகிற ஆள்தான். கீழே சொல்லும் பாதுகாப்பு முதலில் அவருக்கு.

மருந்து, கண்டுபிடித்த திட்டுகளில் மட்டும். பர்மெத்ரின் அல்லது மாலத்தியான், கைத்தெளிப்பானில், தரையும் புல்லின் அடிப்பாகமும் நனையும்படி. எந்த அளவில் கலப்பது என்பதை அந்த டப்பாவின் சீட்டும் மாவட்டப் பூச்சியியல் அலுவலரும் சொல்வதுதான் கணக்கு, ஆளாளுக்கு மாறக் கூடாது. நீங்கள் சொல்லும் கலங்கல் பக்கம் தண்ணீருக்கு அருகே இருக்கிறது. பர்மெத்ரின் மீனுக்கு விஷம், பூனைக்கும் ஆகாது. அங்கே தெளிக்காமல் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோரைத்திட்டில் தெளித்தால் ஆடுகளை எத்தனை நாள் கழித்து விடலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

உடை பற்றி. குஞ்சு ஏறியவுடன் கடிப்பதில்லை. மேலே ஊர்ந்து, துணி இறுக்கிப் பிடிக்கும் இடம் வந்ததும் அங்கே நிற்கும். அதனால்தான் பொருக்கு இடுப்பிலும் இடுக்கிலும் வருகிறது. இந்த ஊர்ந்து திரியும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. வேலை முடிந்து வந்தவுடன், அடுப்படிக்குப் போவதற்கு முன்னால், சோப்புப் போட்டு நாரால் தேய்த்துக் குளிக்க வேண்டும். உள்பாவாடை உட்பட எல்லாத் துணியையும் மாற்ற வேண்டும். கழற்றியதைக் கட்டில் மேலோ கொடியிலோ போடாமல் சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வேறு எதுவும் முடியாவிட்டாலும் இதைச் செய்ய வைத்துவிட்டால் பாதி வெற்றி.

புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்வது ஏற்கெனவே வழக்கம்தானே, அது நல்லது. புடவையின் கீழ்க்கொசுவத்தைச் செருகித் தூக்கிக் கட்டி, உள்ளே கணுக்கால் வரை லெக்கின்ஸ் போட்டால் புல்லில் புரளும் துணி இருக்காது. டீட் என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ள பூச்சி விரட்டியைக் கணுக்கால், கெண்டைக்கால், மணிக்கட்டு, கழுத்தில் தடவலாம். வியர்வையில் கரைந்துவிடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பூச வேண்டும். சொறிசிரங்குக்கு மருந்துக்கடையில் தரும் பென்சைல் பென்சோயேட்டைத் துணியின் விளிம்பில் தடவுவது பழைய, பலன் தரும் முறை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் துணியை நனைக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

சாப்பிட உட்காரும் இடத்துக்கு ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுங்கள். வெறும் புல்லில் உட்காருவதும் சாய்ந்து படுப்பதும்தான் அதிகம் கடிபட வைக்கிறது. துணி காயப்போட ஆட்டுப்பட்டிப் பக்கம் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். புதர் மேல் போடாதே என்று சொல்வதை விட அது வேலை செய்யும்.

---

வரப்பெலி பதில்:

எலிக்கு வேளாண் துறை பல காலமாகச் சொல்லும் கலவை: உடைத்த அரிசி அல்லது கம்பு 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு, துத்தநாக பாஸ்பைடு 2 பங்கு, எல்லாம் எடைக்கணக்கு. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் விஷம் சேர்க்காமல் தானியமும் எண்ணெயும் மட்டும் வையுங்கள். எலி சந்தேகப் பிராணி. புதுத் தீனியைக் கொஞ்சம் கொறித்துப் பார்க்கும், வயிறு சரியில்லை என்றால் அப்புறம் அந்தப் பக்கமே வராது. பழக்காமல் நேராக விஷம் வைத்தால் பாதி எலி தப்பிவிடும், அடுத்த தடவை இதே மருந்து எடுபடாது.

முந்தின நாள் சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவைதான் எலி இருக்கும் வளை. ஒவ்வொன்றிலும் 10 கிராம் பொட்டலம், கையுறை போட்டு, உள்ளே தள்ளி வையுங்கள். சாயங்காலம் வைத்து மறுநாள் விடியற்காலையில் மிச்சத்தையும் செத்த எலியையும் எடுத்து ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். செத்த எலியின் உடம்பிலிருந்து பூச்சிகள் இறங்கி வேறு இடம் தேடும், வெறுங்கையால் தொடாதீர்கள். துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்றுமருந்து இல்லை. கலவையை மாவாக்கி வீட்டில் வைக்க வேண்டாம், குழந்தைகள், ஆடு, கோழி நடமாடும் இடத்தில் அறவே கூடாது. அங்கே பொறி மட்டும்.

---

வடமராட்சி பதில்:

யாழ்ப்பாணத்திலும் இதே காலம்தான். மாரி மழை முடிஞ்சு டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரைக்கும் கூடுதலா ஆக்கள் வருவினம். வடக்கிலும் மேற்குத் தாழ்நிலத்திலும் ஸ்க்ரப் டைபஸ், கண்டிப் பக்க மலைநாட்டில் உண்ணி பரப்புற புள்ளிக்காய்ச்சல் கூட. ஒரே தீவுக்குள்ளயே இப்படிப் பிரிஞ்சு கிடக்கு. இங்க வளவுக்குள்ள பத்தை மண்டின பக்கமும், விறகும் கிடுகும் அடுக்கின இடமும் கவனிக்க வேணும். காட்டுக்குப் போகாத வயசான ஆக்களுக்கும் வீட்டு வளவிலேயே வருது. விறகை நிலத்தில போடாமல் ஒரு அடி உயரத் தட்டில அடுக்குங்கோ, அடியில எலி தங்காது.

---

கூடலூர் பதில்:

பரப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஸ்க்ரப் டைபஸ் வடக்கே ஜப்பான், ரஷ்யாவின் தூரக்கிழக்கு, தெற்கே வட ஆஸ்திரேலியா, மேற்கே பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்ற முக்கோணத்துக்குள் மட்டும் இருப்பதாகவே நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு துபாயிலும் தென் சிலியின் சிலோயே தீவிலும் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலும் இமயமலை அடிவாரம்தான் இதன் இடம் என்று இருந்த எண்ணம் போய்விட்டது. கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலில் பெரும்பங்கு இதுதான் என்று பின்னால் தெரிந்தது. வடக்கே தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆகஸ்ட் முதல் அக்டோபர், நமக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்த குளிர் மாதங்கள். வேறு மாவட்டத்து நாட்காட்டியை நகல் எடுத்து விழிப்புணர்வு நடத்தினால் பருவம் தப்பிவிடும்.

நீலகிரி, வயநாடு, பந்திப்பூர் எல்லையில் இருப்பவர்கள் இதோடு குரங்குக் காய்ச்சலையும் நினைவில் வைக்க வேண்டும். 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. பல பத்தாண்டு அங்கேயே சுற்றி இருந்துவிட்டு 2012-க்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கோவா, மகாராஷ்டிரம் வரை தெரியவந்தது. அது வைரஸ், பரப்புவது உண்மையான உண்ணி, டாக்ஸி வேலை செய்யாது. டிசம்பர் முதல் மே வரை பருவம். காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் சொல்லுங்கள். செத்த உடலிலிருந்து உண்ணி அந்த இடத்தைச் சுற்றிக் கொட்டிக் கிடக்கும்.

உண்ணி கடித்திருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்பு, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. சிற்றுண்ணிக் குஞ்சை இப்படிப் பிடுங்க முடியாது, அதற்குச் சோப்பும் தேய்ப்பும்தான்.

---

மலையடிவாரம் எழுதியது:

முதலில் தார்ப்பாயும் கயிறும் வாங்குகிறோம். வெட்டிய பிறகு வேலை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

பூச்சியியல் பதில்:

புது நோயாளி எண்ணிக்கையை வைத்து உடனே முடிவு செய்யாதீர்கள். இன்று கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மூன்று வாரம் வரை ஆகும், ஆகவே வெட்டிய பிறகும் சில வாரம் ஆட்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "பலனில்லை, புகை அடி" என்று யாராவது கிளம்புவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.

வெட்டுவதற்கு முந்தின நாள் கருப்பட்டைச் சோதனையில் எத்தனை ஏறின என்று இடம் குறித்து எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடம், அதே நேரம், அதே ஐந்து நிமிடம். பிறகு மாதம் ஒருமுறை, பிப்ரவரி முடியும் வரை. எண்ணிக்கை குறையாத திட்டில் நிழல் இன்னும் இருக்கிறதா, வெட்டிய குப்பை பக்கத்தில் கிடக்கிறதா, எலிவளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அடுத்த ஆண்டு புல் முழங்கால் உயரம் வளரும் வரை காத்திருக்காமல், செப்டம்பர் கடைசியில் அதே இரண்டு திட்டிலும் முதல் வெட்டை முடித்துவிடுங்கள்.